வைக்கோல் எரிகிற மாதத்தில் மாஸ்க்

2023 மார்ச் 4, காலை: வாசகர் ஒருவர் கேட்டது

கொரோனா முடிந்தது, மாஸ்க் கட்டாயமும் எடுத்தாயிற்று. இன்னும் கிளிநொச்சிச் சந்தையில் அதைக் கட்டிக்கொண்டு திரிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு விளங்கவில்லை. அதே ஆட்கள்தான் வயலில் வைக்கோல் எரித்தால் புகை, புகை என்று கத்துகிறார்கள். ஒரு கிழமைப் புகைக்கு இவ்வளவு பயமா? கமம் செய்கிறவனுக்குத்தான் கமக்காரன் படுகிற பாடு தெரியும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 4, மாலை

நான் மாஸ்க் போடுகிறவன். இலங்கையின் வடக்கே, கிளிநொச்சி மாவட்டத்து முரசுமோட்டைப் பக்கம் மூன்று ஏக்கர் வயல் செய்கிறவனும் நான்தான்.

கொரோனாவுக்கு முந்தி எங்கள் ஊரில் மாஸ்க் என்றால் காசநோய். கிளினிக்குக்குப் போகிற ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீற்றில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அந்த வெட்கத்தில் மருந்தையே இடையில் விட்ட ஒருவரை எனக்குத் தெரியும். 2020 ஒக்டோபரில் வர்த்தமானி (அரச அறிவித்தல்) போட்டு, போடாவிட்டால் 10,000 ரூபா வரை தண்டம் என்று சொன்ன பிறகு எல்லோர் முகத்திலும் ஏறியது. வெட்கமும் போய்விட்டது. என் மகளுக்கு அது பெரிய ஆறுதல். அவளுக்கு நாலு வயதிலிருந்து தொய்வு (ஆஸ்துமா). அந்த இரண்டு வருடமும் முட்டு வந்தது மிகக் குறைவு. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததும் காரணமாக இருக்கலாம், வீதியில் தூசி இல்லாததும் காரணமாக இருக்கலாம். ஆனால் மாஸ்க் போட்டால் மூச்சு அடைக்கும் என்று சொல்கிறார்களே, அது அவள் விஷயத்தில் நடக்கவேயில்லை.

இப்போது வகுப்பில் அவள் ஒருத்திதான் போடுகிறாள். "உனக்கு இன்னும் கொரோனா போகேல்லையோடி?" என்று கேட்கிறார்களாம். பிள்ளை கழற்றிப் பைக்குள் வைத்துவிடுகிறாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தன் நெஞ்சுக்கு எது நல்லது என்று தெரிந்திருந்தும் மற்றவர்களின் வாய்க்குப் பயந்து கழற்றுகிறது. நீங்கள் சந்தையில் காண்கிற ஆட்களில் அப்படி எத்தனை பேர் என்று ஒருமுறை யோசியுங்கள்.

ஒரு கிழமைப் புகை என்கிறீர்கள். எல்லோரும் ஒரே நாளில் வெட்டுவதில்லை, ஒரே நாளில் எரிப்பதுமில்லை. காலபோக (மாரி மழைப் பயிர்) வெட்டு தொடங்கினால் பங்குனி முடியும்வரை இன்றைக்கு இந்த வயல், நாளைக்கு அந்த வயல் என்று எரிந்துகொண்டே இருக்கும்.

மார்ச் 5

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். போன டிசம்பரை அதற்குள் மறந்துவிட்டோமா? மாண்டோஸ் புயல் நேரம் வானம் சாம்பல் நிறமாகக் கிடந்தது. 9ஆம் தேதி வெள்ளிக்கிழமை நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். இந்தியப் பக்கத்திலிருந்து மாசுக்காற்று வருகிறது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது. மாஸ்க் போடுங்கள் என்று அறிவித்தார்கள், கொரோனாவுக்கு வாங்கி மிஞ்சியதை எல்லோரும் தேடி எடுத்தார்கள். அப்போது யாரும் யாரையும் பயந்தவன் என்று கேட்கவில்லை.

அதே நாட்களில்தான் குளிரில் எங்கள் பக்கமும் முல்லைத்தீவிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் செத்தன. வெட்டையில் நின்ற மாடுகள், ஒதுங்க ஒரு கொட்டில் இல்லை, மேய்ச்சல் தரையும் இல்லாமல் முன்பே மெலிந்து போயிருந்தவை. என் சின்னம்மாவின் பசு விடியப் பார்த்தபோது காலை நீட்டிக் கிடந்தது. கன்று பக்கத்தில் நின்றது. நாங்கள் எரிக்கிறது அந்த மாடுகளின் சாப்பாட்டை என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

மார்ச் 9

எரிக்கிறவர்களைத் திட்டி இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அப்படித் திட்டுவது சரியில்லை. நானும் எரித்தவன். 2018, 2019 இரண்டு வருடமும் எரித்தேன்.

கையால் அருவி வெட்டி, கதிரைக் குவித்துச் சூடு வைத்த காலத்தில் வைக்கோல் களத்துக்கு வந்துவிடும். வயலில் நிற்பது நாலு விரல் அடிக்கட்டை, அதையும் மாடு மேய்ந்துவிடும். களத்தில் சூடடித்து முடிந்தால் வைக்கோலைப் போராக வைக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது வெட்டு மெசின் வருகிறது. ஏக்கருக்கு ஒரு மணித்தியாலம்கூடப் போகாது. முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டையை விட்டுவிட்டு, பின்னால் வைக்கோலை வரிவரியாகக் கொட்டிக்கொண்டு போகும். அந்த வரியைக் கூட்டி அள்ள ஆள் பிடித்தால், கூலி வைக்கோலின் பெறுமதியைத் தாண்டும். அள்ளாமல் கலப்பையை இறக்கினால் வைக்கோல் சுற்றிக்கொண்டு இழுபடும். பத்தடிக்கு ஒருமுறை உழவு மெசினை நிற்பாட்டிக் கையால் பிடுங்க வேண்டும். உழவுகாரன் முதல் நாளே சொல்லிவிடுவான்: "அண்ணை, வைக்கலை எரிச்சிட்டுக் கூப்பிடுங்கோ."

அதோடு நாட்கணக்கும் இருக்கிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் (கோடைப் பயிர்) கிடைத்தவன், கமக்காரர் கூட்டத்தில் சொன்ன திகதிக்குள் விதைத்தாக வேண்டும். பிந்தினால் கடைசித் தண்ணீர் அவன் வயலுக்கு எட்டாது.

தாட்டுப் பார்த்த கதையையும் சொல்கிறேன். 2021இல் இரசாயனப் பசளையை நிற்பாட்டிய வருடம், வேறு வழி இல்லையென்று வைக்கோலை உழுது தாட்டேன். விதைக்கப் பத்து நாள்தான் இருந்தது. பயிர் முளைத்து மூன்றாம் கிழமை வயல் முழுக்க மஞ்சளடித்து நின்றது. ஊரில் கேட்காதவர்கள் இல்லை. காரணம் பிறகுதான் விளங்கியது. பச்சை வைக்கோல் மண்ணுக்குள் உக்கும்போது, உக்க வைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனை முதலில் தாங்கள் எடுத்துக்கொள்ளும். பயிருக்குப் பங்கு கிடைக்கப் பிந்தும். மூன்று நாலு கிழமை முந்தித் தாட்டு, ஈரத்தோடு விட்டிருந்தால் அந்த மஞ்சள் வந்திருக்காது. யூரியா இருந்த வருடமென்றால் ஒரு பிடி கூட்டிப் போட்டுச் சமாளித்திருப்பேன். அந்த வருடம் யூரியாவுக்கு எங்கே போவது?

எரிப்பதற்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள்: பன்றிநெல் என்கிற களைநெல்லும் அறக்கொட்டிப் பூச்சியும் அழியும் என்று. நான் எரித்த இரண்டு வருடமும் அடுத்த போகத்தில் பன்றிநெல் குறைந்ததைக் காணவில்லை. வெடிப்புக்குள் விழுந்த விதைக்கு மேலால் போகிற நெருப்பு என்ன செய்யும்?

மார்ச் 9, இரவு

கேள்வி கேட்டவருக்கு ஒன்று. கமம் செய்யாதவர்கள்தான் கத்துகிறார்கள் என்ற மாதிரி எழுதினீர்கள். எங்கள் வாய்க்கால் வழியில் என்னோடு சேர்த்து ஏழு பேர் இந்த வருடம் எரிக்கவில்லை. ஏழு பேரும் கமக்காரர்தான். இரண்டு பேரிடம் மாடு இருக்கிறது. என்னைத் தவிர மற்றவர்கள் வானம் பார்த்த காணிக்காரர், புரட்டாசி வரும்வரை உழத் தேவையில்லை. அவர்களுக்கு அவசரம் இல்லை, அதனால் எரிக்கவில்லை. அவசரம் இல்லாதவனும் எரித்தால் அது வெறும் பழக்கம். அதைத்தான் முதலில் விட வேண்டும்.

மார்ச் 11

திருத்தம். வேறொரு இடத்தில், வைக்கோலை எரித்தால் பொட்டாஸ் எல்லாம் புகையாகப் போகிறது என்று எழுதியிருந்தேன். அது பிழை. விவசாயம் படித்த ஒரு தம்பி திருத்தினார். நெற்பயிர் எடுக்கிற பொட்டாஸில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் வைக்கோலில்தான் நிற்கிறது, அது சரி. எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் போகும், மிச்சம் சாம்பலில் இருக்கும். முழுதாகப் போவது நைதரசன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் வயலில் ஏக்கருக்கு ஒன்றேமுக்கால் தொன் வைக்கோல் என்று வைத்தால், பத்துக் கிலோ நைதரசன் இருக்கும். யூரியாவாகப் பார்த்தால் இருபது கிலோவுக்கு மேல். பொட்டாஸ், எம்ஓபி (கடையில் விற்கிற பொட்டாஸ் பசளை) கணக்கில் ஏறத்தாழ ஒரு அந்தர், அதாவது ஐம்பது கிலோ. யூரியாவை எரிக்கிறோம். பொட்டாஸை வரி வரியாகச் சாம்பலாக்கிக் காற்றுக்கும் முதல் மழைக்கும் விடுகிறோம். சாம்பல் வரி விழுந்த இடத்தில் பயிர் கருகருவென்று நிற்கும், இடைவெளியில் வெளிறி நிற்கும். எரித்த வயலில் அந்தக் கோடுகளைப் பார்க்காத கமக்காரன் இல்லை. நானும் அதைப் பார்த்துவிட்டு "எரிச்சால் பயிர் நல்லா வரும்" என்று பலருக்குச் சொன்னேன். வயல் முழுக்கப் பரவ வேண்டிய பசளை ஒரு வரியில் குவிந்ததைத்தான் அப்படிச் சொன்னேன்.

மார்ச் 12

மாஸ்க் பற்றிக் கேட்டவர்களுக்கு. நீல நிறச் சாதாரண மாஸ்க் எங்கள் இருமல், தும்மல் மற்றவருக்குப் போகாமல் தடுக்க நல்லது. வைக்கோல் புகைக்கு அது போதாது. புகையில் கெடுதல் செய்கிற துகள் 2.5 மைக்ரோனுக்கும் சின்னது. தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன், எண்ணிப் பாருங்கள். நீல மாஸ்க்கில் கன்னத்தோரம் இருக்கிற இடைவெளியால் அது உள்ளே வந்துவிடும். என்95 என்றால், முகத்தோடு ஒட்டி நின்றால், 100க்கு 95 பங்கு துகளைப் பிடிக்கும். தாடி இருந்தால் ஒட்டாது. சால்வையைச் சுற்றுவது, துவாயை நனைத்துக் கட்டுவது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சாம்பலைத்தான் தடுக்கும்.

என்95 போட்டாலும் புகையில் இருக்கிற வாயுக்களை அது தடுக்காது. அதனால் அதைப் போட்டுக்கொண்டு நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்று நினைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளின் முகத்துக்கு அது சரியாக ஒட்டுவதும் இல்லை. என் மகளுக்கு மூன்று வகை வாங்கிப் பார்த்துத்தான் ஒன்று அமைந்தது.

மார்ச் 20, இரவு

இன்று திங்கட்கிழமை. பின்னேரம் ஐந்து மணிக்குப் பக்கத்து வயல் எரிந்தது. முதலில் கரிக்குருவிகள் வந்தன. நெருப்புக்கு முன்னால் பறக்கிற பூச்சியைப் பிடிக்க அவை எப்படியோ அறிந்து வந்துவிடும். மேலே இரண்டு பருந்து. பிறகு வைக்கோல் வரி வெடித்து வெடித்து எரிகிற சத்தம். காற்று இல்லை. வடகிழக்கு வாடைக்காற்று ஓய்ந்துவிட்டது, தென்மேற்குச் சோளகம் இன்னும் பிடிக்கவில்லை. இந்த நாட்களில் பின்னேரப் புகை மேலே எழும்பாது. வரம்போடு வரம்பாகப் படுத்து வந்து எங்கள் முற்றத்தில் நின்றது. கொடியில் காய்ந்த பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் கரித்தும்புகள், தட்டினால் கோடு கோடாக இழுபட்டன.

மகள் அறைக்குள் இருந்தாள், ஜன்னல்கள் பூட்டு, மாஸ்க்கும் போட்டிருந்தாள். ஏழு மணிக்கு முட்டத் தொடங்கியது. இன்ஹேலர் பம்ப் இரண்டு தரம், பிறகு இன்னும் இரண்டு தரம். கதைக்கும்போது ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் மூச்சு எடுத்தாள். கழுத்தடிக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்தது. மோட்டார் சைக்கிளில் நடுவில் அவளை இருத்தி, பின்னால் மனைவி பிடித்துக்கொண்டு, பரந்தன் சந்தியால் ஆஸ்பத்திரிக்கு. நெபுலைசர் பிடித்து, ஒன்பதரைக்குத்தான் மூச்சு வழமைக்கு வந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு ஐயா. அவருக்கும் அதே புகைதான், வேறு வயல்.

இப்போது தூங்குகிறாள். எனக்கு நித்திரை வரவில்லை.

மார்ச் 22

வயல்காரரோடு கதைத்தேன். என்னிலும் பத்து வயது மூத்தவர். போர் முடிந்து, 2010இல் மீளக்குடியேறி வந்தபோது என் கொட்டிலுக்குக் கப்பு நட்டுத் தந்தவர். சண்டை பிடிக்கிற எண்ணத்தோடு போகவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் கோபம் இருந்தது உண்மை.

"அண்ணை, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனம்."

அவர் கையில் இருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தார். "ஏன் தம்பி, எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே, பிள்ளைக்கு இப்பிடி எண்டு."

"நீங்கள் எரிக்கப் போறியள் எண்டு எனக்குத் தெரியாதே, அண்ணை."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். பிறகு அவர் தன் பாட்டைச் சொன்னார். வியாழக்கிழமை உழவு மெசின் வருகிறது, இந்தமுறை விட்டால் பத்து நாள் பிந்தும். பின்னேரம் வைத்ததற்கும் காரணம் இருந்தது. பகலில் காற்று அடித்தால் நெருப்பு பனைகளுக்குத் தாவிவிடும் என்ற பயம். அவர் தன் பக்கத்தில் நியாயமாகத்தான் நடந்திருக்கிறார். பதினொரு மணியளவில் வெயில் ஏறியபிறகு வைத்தால் புகை மேலே எழும்பிவிடும், வரம்பை அகலச் செருக்கி விட்டால் தாவாது என்று சொன்னேன். "பாப்பம்" என்றார்.

என் மச்சானையும் ஞாபகப்படுத்தினேன். அவன் நெஞ்சுக்குள் 2009இல் பட்ட செல் துண்டு இன்னும் இருக்கிறது, எடுத்தால் ஆபத்து என்று விட்டுவிட்டார்கள். வன்னியில் அப்படி எத்தனை பேர். வேறு ஊர்களில் புகை என்றால் இருமலோடு போகலாம். இங்கே பாதி நுரையீரலோடு சீவிக்கிறவர்கள் மத்தியில் எரிக்கிறோம்.

ஏப்ரல் 2

பஞ்சாப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், டெல்லிப் புகை அங்கிருந்துதானே என்று. ஒக்டோபர், நவம்பரில் டெல்லிக்கு வருகிற புகையில் ஒரு பங்கு பஞ்சாப், ஹரியானா வயல்களிலிருந்து வருகிறது. அவர்களுடைய சிக்கலும் எங்களுடையதுதான், அளவு பெரிது. நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009இல் பஞ்சாபில் ஒரு சட்டம் போட்டார்கள், நெல் நாற்றை முந்தி நடக்கூடாது என்று. தண்ணீருக்கு நல்லதுதான். ஆனால் நடுகை பிந்த, வெட்டும் பிந்தியது. நெல்லு வெட்டிக் கோதுமை விதைக்க இருக்கிற இடைவெளி இரண்டு மூன்று கிழமையாகச் சுருங்கியது. அந்த இடைவெளிக்குள் வைக்கோலை அகற்ற நெருப்பை விட மலிவானது வேறில்லை. தடை போட்டார்கள், தண்டம் அடித்தார்கள், எரிப்பு நிற்கவில்லை. அதனால்தான் எங்கள் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் தண்டம் கேட்டவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. நாளும் மெசினும் கொடுக்காமல் தண்டம் மட்டும் அடித்தால் இராத்திரியில் வைப்பார்கள். இராத்திரிப் புகை இன்னும் கெடுதல்.

இன்னொரு விஷயம், பஞ்சாபில் இல்லாதது. எங்கள் காணிகளில் கண்ணிவெடி அகற்றிவிட்டார்கள் என்று எழுதித் தந்த இடத்திலும் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. குப்பைக்குத் தீ வைத்த இடத்தில் வெடித்துக் காயப்பட்ட சம்பவங்கள் இந்த மண்ணில் நடந்திருக்கின்றன. நாங்கள் வருடாவருடம் உழுகிற வயல்தான், இருந்தாலும் வரம்புக் கரைப் பற்றைக்கு நெருப்பு ஏறும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மே 7

முந்தநாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. கேள்வி கேட்டவர் அதை எடுத்துப் போட்டு "இப்ப என்ன சொல்லுறியள்?" என்று கேட்கிறார். மகிழ்ச்சி என்று சொல்லுகிறேன். மூன்று வருடத்தில் நாங்கள் அடக்கம்கூடச் செய்யமுடியாமல் இழந்தவர்களை நினைத்தால் கண் கலங்குகிறது. அவசரநிலை முடிந்தாலும் என் மகளின் தொய்வு முடியவில்லை. சந்தையில் ஒருவர் மாஸ்க் போட்டால் அவருக்கு ஒரு காரணம் இருக்கும் என்று விட்டுவிடுங்கள். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஒருவரையும் வற்புறுத்த வேண்டாம்.

மார்ச் 4 எழுதியதைத் திரும்ப வாசித்தேன். மாஸ்க் பற்றி நீட்டி எழுதி, நெருப்பைப் பற்றிக் கடைசியில் நாலு வரி எழுதியிருக்கிறேன். இப்போது எழுதினால் மாற்றி எழுதுவேன். மார்ச் 20ஆம் தேதி இரவு அவள் மாஸ்க்கோடுதான் இருந்தாள்.

ஆகஸ்ட் 27

சிறுபோக வெட்டு முடிகிறது. இந்தமுறை வைக்கோல் கட்டுகிற மெசின் ஒன்று எங்கள் பக்கம் வந்தது. வரியின் மேலால் ஓடிக்கொண்டே வைக்கோலைச் சுருட்டிக் கட்டாகத் தள்ளிவிடும். யாழ்ப்பாணத்து மாட்டுக்காரருக்கு ஏற்றுகிறார்கள். எங்களுக்குக் காசு பெரிதாக இல்லை, கட்டுக் கணக்கில் ஏதோ கொஞ்சம். ஆனால் வயல் வெளித்துவிடும், உழவுகாரன் முகம் சுளிக்கமாட்டான். மெசின் ஒன்றுதான், வயல் எத்தனையோ. வரிசை பிடித்து எனக்கு இரண்டு ஏக்கருக்குத்தான் கிடைத்தது. மூன்றாவதைத் தாட்டிருக்கிறேன், காலபோகத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது, உக்கிவிடும்.

வைக்கோல் முழுவதையும் விற்பது சரியா என்று ஒரு யோசனை. எரித்தால் சாம்பலிலாவது நிற்கிற பொட்டாஸ், கட்டாகக் கட்டி ஏற்றினால் வயலை விட்டே போய்விடும். ஒரு வருடம் விற்று, ஒரு வருடம் தாட்டு என்று மாறி மாறிச் செய்ய நினைக்கிறேன். சின்னம்மாவின் கன்றுக்குப் பத்துக் கட்டு கொடுத்தேன். அது இப்போது நல்ல உயரம்.

செப்டம்பர் 3

காலை ஆறரைக்குப் பக்கத்து வயல்கார அண்ணை சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை, படலையில் காலை ஊன்றிக்கொண்டு நின்றார். கட்டு மெசின் அவர் பக்கத்துக்கு வரவில்லை, அரை ஏக்கர் அளவில் கிடக்கிறதாம். "நாளைக்குப் பதினொரு மணிக்கு வைக்கிறன், தம்பி. வரம்பு செருக்கிப் போட்டன். பிள்ளை பள்ளிக்கூடத்திலதானே நிப்பா?"

நாளை திங்கள், பள்ளிக்கூடம் உண்டு. சோளகம் அடிக்கிறது, புகை எங்கள் வீட்டுக்கு வராமல் கண்டாவளைப் பக்கம் போகும். அந்தப் பக்கம் யார் யார் வீடு என்று அண்ணையும் நானும் படலையில் நின்று எண்ணிப் பார்த்தோம். நாலு வீடு. மூன்று வீட்டுக்கு அவர் சொல்கிறேன் என்றார். மற்றது மச்சானுடைய வீடு, அங்கே நான் இப்போது போகிறேன்.